35–3 என்று இருந்த ஆட்டம்: ஆயிலர்ஸ்–பில்ஸ், ஜனவரி 1993 (பழைய ரசிகர்கள் வரவும்)

நீலச்சட்டை (சுகர்லேண்ட்)

நேற்று ராத்திரி யூடியூப் அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே முழுதாகப் பார்த்துத் தொலைத்தேன். முடிவு மாறவில்லை. தூக்கம் போனதுதான் போனது, இங்கே ஓர் இழை திறந்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே பாதிப் பேர் இப்போதைய அணியான டெக்சன்ஸ் வந்த பிறகு ஹூஸ்டனுக்கு வந்தவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் அப்போது ஹூஸ்டனின் அணி ஆயிலர்ஸ், பஃபலோவின் அணி பில்ஸ். 1992 சீசனின் கடைசி ஆட்டம் டிசம்பர் 27 அன்று நம் ஆஸ்ட்ரோடோமில் நடந்தது. அதில் ஆயிலர்ஸ் 27–3 என்று பஃபலோவைப் புரட்டி எடுத்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜிம் கெல்லிக்கு முழங்காலில் அடி. ஒரே வாரம் கழித்து, ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை, அதே இரண்டு அணிகளுக்கும் பிளேஆஃப் ஆட்டம். இந்த முறை ஆர்ச்சர்டு பார்க்கில், ரிச் ஸ்டேடியத்தில். கெல்லி கிடையாது, மாற்று ஆட்டக்காரர் ஃபிராங்க் ரைக் ஆடுகிறார். தடுப்பாட்டத்தில் லைன்பேக்கர் கார்னீலியஸ் பென்னட்டும் கிடையாது. நமக்குக் குவார்ட்டர்பேக்காக வாரன் மூன் இருக்கிறார். அப்புறம் என்ன கவலை?

மார்கழி மாதம். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலில் சாமி கும்பிட்டு, பொங்கல் பிரசாதத்தைத் தொன்னையோடு காரில் வைத்துக்கொண்டு, கிக்ஆஃபுக்கு வீடு வந்து சேர்ந்த கூட்டம் நாங்கள். முதல் பாதியில் மூன் ஆடியதை இன்றைக்குப் பார்த்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. 22 எறிந்து 19 சேர்ந்தன, 218 யார்டு, 4 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது, கூடுதல் உதையோடு 7 புள்ளி). பிடித்தவர்கள் ஜெஃபயர்ஸ், ஸ்லாட்டர், டங்கன், மறுபடி ஜெஃபயர்ஸ். பந்து பெரும்பாலும் நம் கையில்தான் இருந்தது. பாதி ஆட்டத்தில் 28–3. இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ரைக் எறிந்த பந்து ஒருவர் கையில் பட்டுத் தெறிக்க, நம் பப்பா மெக்டவல் அதை எடுத்துக்கொண்டு 58 யார்டு ஓடிவிட்டார். 35–3.

கடைசியில் 41–38, ஓவர்டைமில் பஃபலோ வென்றது. என்எஃப்எல் சரித்திரத்தில் அதுவரை யாரும் 32 புள்ளி பின்தங்கி வென்றதில்லை.

இதைப் ‘பில்ஸின் அதிசயம்’ என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. நம்மைக் கொன்றது ரைக் இல்லை, நம்முடைய ரன் அண்ட் ஷூட் ஆட்டமுறைதான். பந்தைப் பிடிக்க நான்கு ரிசீவர், பந்தோடு ஓட ஒரே ஒரு ரன்னிங் பேக், தடுக்கவும் பிடிக்கவும் நிற்கும் டைட் எண்டு என்ற பேச்சே இல்லை. புள்ளி குவிக்க அதுபோல ஒன்று கிடையாது. ஆனால் முன்னிலையைக் கட்டிக் காக்க அது உதவாது. எறிந்த பந்து பிடிபடாமல் விழுந்தால் கடிகாரம் நிற்கும், பந்தோடு ஓடினால் கடிகாரம் ஓடும். அன்றைக்கு நமக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஓடும் கடிகாரம்தான். மூன் மொத்தம் 50 தடவை எறிந்தார். 32 புள்ளி முன்னால் இருந்த அணி 50 தடவை எறியலாமா? நீங்களே சொல்லுங்கள்.

---

டோம்வாசி (ஹூஸ்டன்)

அண்ணா, ஆட்டமுறை கிடக்கட்டும். பில்ஸ் ரிசீவர் டான் பீபியின் கால் எங்கே இருந்தது என்று முதலில் பேசுவோம்.

35–10 ஆனபோது அவர்கள் ஆன்சைடு கிக் (தாங்களே திரும்ப எடுக்கும்படி கிட்டத்தில் உதைப்பது) போட்டு, உதைத்த கிறிஸ்டியே பந்தை எடுத்தார். நல்ல திறமை, ஒப்புக்கொள்கிறேன். அடுத்து பீபிக்கு 38 யார்டு டச்டவுன். இடது ஓரமாக ஓடும்போது அவர் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டு உள்ளே வந்து பந்தைப் பிடித்தார். வெளியே போனவர் முதல் ஆளாகப் பந்தைத் தொடக்கூடாது. டிவியில் திரும்பக் காட்டியபோது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது, நடுவருக்குத் தெரியவில்லை.

1986 முதல் 1991 வரை, வீடியோவைத் திரும்பப் பார்த்து முடிவை மாற்றும் ரீப்ளே முறை இருந்தது. சரியாக அந்த 1992 சீசனுக்குத்தான் அதை எடுத்துத் தொலைத்தார்கள்! மறுபடி வந்தது 1999-இல். அந்த இடைவெளியில் போய் மாட்டிக்கொண்டது யார்? நாம்தான். அந்த 7 புள்ளி இல்லையென்றால் ஓவர்டைமே வந்திருக்காது.

---

ஏரிக்காற்று (முன்பு பஃபலோ, இப்போது சான் ஓசே)

ஹூஸ்டன்காரர்கள் அழுது முடித்துவிட்டீர்களா? ஒரு பஃபலோக்காரி உள்ளே வரலாமா?

நான் அப்போது பஃபலோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கெல்லாம் ஒன்று தெரியுமோ தெரியாதோ, அந்த ஆட்டத்தை பஃபலோவில் யாரும் வீட்டு டிவியில் பார்க்கவில்லை. குறித்த நேரத்துக்குள் டிக்கெட் முழுதும் விற்றுத் தீராவிட்டால் உள்ளூரில் ஒளிபரப்பக்கூடாது என்பது அன்றைய என்எஃப்எல் விதி. கெல்லி இல்லை, போன வாரம்தான் 27–3 உதை வாங்கியாயிற்று, யார் காசு கொடுத்துப் போவார்கள்? அரங்கத்துக்கு 75,141 பேர் வந்தார்கள், ஆனாலும் நிறையவில்லை. ஊருக்கே இருட்டடிப்பு. நாடு முழுக்கப் பார்த்த ஆட்டத்தை எங்கள் ஊர் வானொலியில்தான் கேட்டது.

வேன் மில்லரின் குரலை அறிந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? பில்ஸ் ஆட்டம் என்றால் அவர் குரல்தான். நாங்கள் நான்கு பேர் ஒரு பழைய மர வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். சமையலறை ஜன்னலில் ஆன்டெனாவை நீட்டி வைத்தால்தான் வானொலி இரையாமல் பாடும். 28–3 ஆனதும் அணைத்துவிட்டோம். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கிறேன், திடீரென்று தலைக்கு மேலே கூரை இடிந்து விழுவதுபோல் தடதடவென்று சத்தம். மாடியில் இருந்த ஓய்வுபெற்ற இரும்பாலைத் தொழிலாளி, எழுபதைத் தாண்டியவர், குதிக்கிறார்! என்னவோ ஏதோ என்று ஓடினோம். கதவைத் திறந்து, ‘ரேடியோவைப் போடுங்கள், ரேடியோவைப் போடுங்கள்’ என்று கத்திவிட்டு மறுபடி உள்ளே ஓடிவிட்டார். நாங்கள் கீழே வந்து போட்டபோது 35–24. அப்பளம் கரியாகியிருந்தது.

இன்னொரு வேடிக்கை. பாதி ஆட்டத்திலும் 35–3க்குப் பிறகும் எழுந்துபோன கூட்டம் கார் வானொலியில் கேட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தது. வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். வேலி ஏறிக் குதித்தவர்கள் உண்டு. ஊரில் இன்றைக்கு ஐம்பது தாண்டிய யாரைக் கேட்டாலும் ‘நான் கடைசி வரை உள்ளேதான் இருந்தேன்’ என்பார்கள். அத்தனை பேரையும் உட்கார வைக்க அந்த மாதிரி நான்கு அரங்கம் வேண்டும்.

---

ஸ்கார்பரோ சுதன் (டொராண்டோ)

அக்கா சொன்னது சரி. ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கும் அதே கதிதான். எங்களுக்கு பஃபலோ சேனல்தான் என்எஃப்எல். டொராண்டோவுக்கென்று ஒரு அணி கிடையாது, அதனால் அடுக்குமாடியில் எங்கட பெடியள் எல்லாரும் பில்ஸ் ரசிகர்கள். அன்றைக்கு சேனல் 2-ஐத் திருப்பினால் வேறு ஏதோ ஓடுது. வாகன நிறுத்துமிடத்தில் அண்ணையின் காருக்குள் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு இருந்து கேட்டோம். பற்றரி இறங்கிவிடும் என்று அவர் இடைக்கிடை எஞ்சினைப் போட்டுப் போட்டு நிறுத்தினார்.

நீலச்சட்டை அண்ணைக்கு ஒரு கேள்வி. கடிகாரம் கடிகாரம் என்று சொல்கிறீர்கள். ஆனால் வடிவாக யோசித்துப் பாருங்கோ. இரண்டாம் பாதியில் முதலில் பந்து வைத்திருந்தது பில்ஸ். மெக்டவல் அதைப் பறித்து டச்டவுன் போட்டார். திரும்பக் கிக்ஆஃப், பந்து பில்ஸுக்கு. கென்னத் டேவிஸ் 1 யார்டு டச்டவுன். பிறகு ஆன்சைடு கிக், பந்து மறுபடி பில்ஸுக்கு. பீபி டச்டவுன். அதாவது இரண்டாம் பாதியில் மூன் முதன்முதலாகப் பந்தைத் தொட்டபோதே 35–17! பந்தே கையில் இல்லாதவன் கடிகாரத்தை எப்படி ஓட்டுவது?

---

கேட்டி கார்த்திக் (கேட்டி)

வணக்கம். நான் பிறந்தது 1994. அப்பா இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலே அம்மா பேச்சை மாற்றிவிடுவார், அதனால் விவரம் எதுவும் வீட்டில் தெரிந்துகொண்டதில்லை. நேற்று இந்த இழையைப் பார்த்துவிட்டு நானும் ஆட்டத்தைப் பார்த்தேன்.

சுதன் அண்ணா சொன்ன அந்தக் கிக்ஆஃபைக் கவனித்தீர்களா, 35–3க்குப் பிறகு வந்தது? காற்று பந்தை நகர்த்திவிட, நம் உதைப்பாளர் டெல் கிரெகோவின் உதை சரியாகப் படாமல் பந்து தரையோடு தரையாக உருண்டு பாதி மைதானத்திலேயே நின்றுவிட்டது. பில்ஸ் 50 யார்டு கோட்டிலிருந்து தொடங்கினார்கள். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. எனக்கென்னவோ அங்கேதான் திரும்பியது என்று தோன்றுகிறது.

இன்னொன்று: பாதி ஆட்டத்தில் 28–3! 2017 சூப்பர் பௌலில் (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) அட்லாண்டா ஃபால்கன்ஸ் நியூ இங்கிலாந்தை அதே 28–3 என்று அடித்துவிட்டு, ஓவர்டைமில் 34–28 என்று கோட்டைவிட்டதே, அது எங்கே நடந்தது? நம் ஹூஸ்டனில், ஆஸ்ட்ரோடோமுக்குப் பக்கத்து அரங்கத்தில். இந்த ஊர் மண்ணில் ஏதோ இருக்கிறது அங்கிள்.

---

நீலச்சட்டை

சுதன், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் 35–17 என்று இருந்தபோது பந்து கைக்கு வந்ததே, அப்போது என்ன செய்தோம்? இன்னும் 18 புள்ளி முன்னிலை. நிதானமாக ஒரு எட்டு நிமிடம் பந்தை வைத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். அந்த வருடம் நம் ரன்னிங் பேக் லொரென்சோ வைட் 1,200 யார்டுக்கு மேல் ஓடியவர், ஓடத்தெரியாத ஆளில்லை. ஆனால் அந்தச் சுற்றில் அன்றைய முதல் பன்ட் (பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவது) அடித்தோம். அதுவும் 25 யார்டுதான் போனது. அவர்களுடைய ரிசீவர் ரீடுக்கு 26 யார்டு டச்டவுன், 35–24. அடுத்த தடவை மூன் எறிந்ததை ஹென்றி ஜோன்ஸ் பறித்துக்கொண்டு நம் 23 யார்டு கோட்டுக்கு ஓடினார்.

அதற்கப்புறம் வந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்காத ஆட்டம். நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, 5 யார்டு வேண்டும், பந்து 18-இல் இருக்கிறது. ஃபீல்டு கோல் அடித்தால் 3 புள்ளி. பில்ஸ் பயிற்சியாளர் மார்வ் லெவி அதைத் தொடவில்லை, நேராகப் போகச் சொன்னார். ரைக் எறிந்தார், ஆண்ட்ரே ரீட் உள்ளே நுழைந்து பிடித்தார். 35–31. ஏழு நிமிடத்துக்குள் நான்கு டச்டவுன்! மூன்றாவது கால்பகுதி இன்னும் முடியக்கூட இல்லை. எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பிரசாதப் பொங்கல் தொன்னையிலேயே இறுகிப்போய்க் கிடந்தது.

கார்த்திக், 2017 ஆட்டத்தை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. இல்லை, நன்றி இல்லை.

---

டோம்வாசி

சுதன் எழுதியது: *“பந்தே கையில் இல்லாதவன் கடிகாரத்தை எப்படி ஓட்டுவது?”*

அதைத்தானே நானும் சொல்கிறேன். அந்த இரண்டாவது டச்டவுன் செல்லாது. ஆன்சைடுக்குப் பிறகு அங்கேயே தடுத்திருந்தால் மூன் 35–10 என்ற நிலையில் பந்தோடு வந்திருப்பார். யாருடைய தவறு? கோட்டருகில் நின்ற அதிகாரியின் தவறு!

---

ஏரிக்காற்று

டோம்வாசி, பீபியின் கால் வெளியேதான் இருந்தது. பஃபலோவிலேயே யாரும் மறுப்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று டச்டவுன் ரீட் பிடித்தாரே? 8 பிடிப்பு, 136 யார்டு. அவர் கால் எல்லாம் உள்ளேதான். பீபி டச்டவுனுக்குப் பிறகும் உங்களுக்கு 18 புள்ளி மிச்சம் இருந்தது என்று நீலச்சட்டையே சொல்லிவிட்டார்.

அதே மாதக் கடைசியில் சூப்பர் பௌலில் டாலஸிடம் 52–17 என்று நாங்கள் மண்ணைக் கவ்வினோம். ஜெயிக்க வழியே இல்லாத அந்த ஆட்டத்தில், டச்டவுன் என்று பந்தை நீட்டிக்கொண்டு ஓடிய லியான் லெட்டை விரட்டிப்போய்ப் பந்தைத் தட்டிவிட்டவரும் இந்த பீபிதான். அந்த ஒன்றுக்காக நான் அவரை எதற்கும் மன்னிப்பேன்.

ரைக்கைப் பற்றி யாரும் எழுதவில்லையே? அவருக்கு இது புதிது இல்லை. 1984 நவம்பர் 10, மயாமி ஆரஞ்சு பௌல். மேரிலாந்து பல்கலைக்கழக அணி பாதி ஆட்டத்தில் 31–0 என்று பின்தங்கி நின்றபோது, மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து 42–40 என்று வென்றவர் அவர். அன்றைக்குக் கல்லூரி ஆட்டத்தில் அதுதான் மிகப் பெரிய மீட்சி. ஒரே ஆள், இரண்டு தடவையும் மாற்று ஆட்டக்காரராக, இரண்டு மட்டத்திலும் சாதனை. கொல்கத்தாவில் 2001-இல் ஃபாலோஆன் வாங்கிவிட்டு லட்சுமணனும் திராவிடும் நாள் முழுக்க நின்றார்களே, அந்த மாதிரிப் பொறுமை அவருக்கு. 35–3 என்று இருக்கும்போதுகூட ஒரே வீச்சில் எல்லாவற்றையும் மீட்டுவிட வேண்டும் என்று அவர் கண்டபடி எறியவில்லை. மொத்தமே 34 எறிதல்தான், 21 சேர்ந்தன, 289 யார்டு, 4 டச்டவுன். ரன்னிங் பேக் தர்மன் தாமஸ் இடுப்பில் அடிபட்டு வெளியே போனபிறகும் டேவிஸுக்குப் பந்து கொடுத்து ஓட வைத்தார்.

---

நாஷ்வில் நடராஜன் (நாஷ்வில்)

உள்ளே வரலாமா என்று பயந்துகொண்டே வருகிறேன்.

டைட்டன்ஸ் (இடம்மாறிய பழைய ஆயிலர்ஸ்தான்) ரசிகன். பஃபலோவுக்குக் கணக்கு தீர்த்தது நாங்கள்தானே? 2000 ஜனவரி 8, அதே வைல்டு கார்டு (பிளேஆஃபின் முதல்) சுற்று. 16 வினாடி இருக்கும்போது இதே ஸ்டீவ் கிறிஸ்டி ஃபீல்டு கோல் அடித்து பஃபலோவை 16–15 முன்னிலைக்குக் கொண்டுபோனார். அடுத்த கிக்ஆஃபில் எங்கள் வைச்செக் பந்தைக் குறுக்கே வீசினார், டைசன் 75 யார்டு ஓடி முடித்துவிட்டார். 22–16. அதே நிறுவனம், அதே எதிரி. ஆயிலர்ஸ் பழிவாங்கிவிட்டது என்று நீங்கள் சந்தோஷப்பட வேண்டாமா?

---

டோம்வாசி

நடராஜன் சார், வயதில் பெரியவராக இருப்பீர்கள், மரியாதையாகவே கேட்கிறேன். எங்கள் அணியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, எங்களுக்காகப் பழிவாங்கினோம் என்கிறீர்களே, இது நியாயமா?

உரிமையாளர் பட் ஆடம்ஸ் 1997-இல் அணியை டென்னசிக்கு மாற்றினார். போனதோடு விட்டாரா? பெயர், நிறம், சாதனை எல்லாம் அவர்களிடமே. கிளீவ்லேண்டில் அணி போனபோது பெயரும் வரலாறும் ஊரிலேயே இருந்தன. நமக்கு அதுவும் இல்லை. 2023 டிசம்பரில் டைட்டன்ஸ் அந்த இளநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு டெக்சன்ஸோடு ஆடினார்கள். நம் ஊர் அணி எதிரே நிற்கிறது, நம் ஊர்ச் சட்டை அவர்கள் மேலே! நல்லவேளை, ஓவர்டைமில் 19–16 என்று நாம் ஜெயித்தோம். இல்லையென்றால் டிவி தப்பியிருக்காது.

---

மட்டுறுத்துநர்

இடம்பெயர்ந்த விவகாரத்துக்கு ஏற்கெனவே ஓர் இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே 1993 மட்டும். (எனக்கும் அந்தச் சட்டை பிடிக்கும், அது வேறு விஷயம்.)

---

ஸ்கார்பரோ சுதன்

சரி, 1993க்கே வருவோம். நாலாம் கால்பகுதியை ஒருவரும் எழுதவில்லை. ஹூஸ்டன் அப்படியே படுத்துவிட்டது என்று ஆக்கள் நினைக்கினம். அது பிழை.

35–31 ஆன பிறகு மூன் நீளமாக ஓட்டிக்கொண்டு போய் 31 யார்டு ஃபீல்டு கோல் தூரத்துக்குக் கொண்டுவந்தார். நீலச்சட்டை அண்ணை கேட்ட அதே நிதானமான ஓட்டம். ஆனால் ஸ்னாப் (உதைக்கப் பின்னால் எறியும் பந்து) தாழ வந்தது, பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய கிரெக் மாண்ட்கமரியின் கையில் அது நிற்கவில்லை. டெல் கிரெகோ உதைக்கவே இல்லை. எங்களுக்குக் காருக்குள் ஒன்றும் விளங்கவில்லை. வேன் மில்லர் கத்துகிறார், சனம் கத்துகிறது, அதற்குள் எஞ்சினை வேறு போட்டுவிட்டார் அண்ணை. பந்து யாரிடம் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு டேவிஸ் 35 யார்டு ஓட்டம், ரீட் 17 யார்டு டச்டவுன். 38–35. முதல் தடவையாக பில்ஸ் முன்னுக்கு, 3 நிமிடம் 8 வினாடி மிச்சம். அப்போதும் மூன் விடவில்லை. 63 யார்டு ஓட்டிக்கொண்டு வந்து, 12 வினாடி இருக்கும்போது டெல் கிரெகோ 26 யார்டு அடித்துச் சமப்படுத்தினார். பயந்துபோன அணி செய்கிற வேலையா அது?

மூனைப் பற்றி நாங்கள் கனடாவில் மரியாதையாகத்தான் கதைப்போம். கறுப்பின குவார்ட்டர்பேக் என்றபடியால் 1978-இல் என்எஃப்எல் அணி ஒன்றுகூடத் தேர்வில் அவரை எடுக்கவில்லை. எட்மண்டனுக்கு வந்து தொடர்ந்து ஐந்து கிரே கப் வென்று காட்டிவிட்டுத்தான் ஹூஸ்டனுக்குப் போனவர். 2006-இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக்கும் அவர்தான். இந்த ஒரு மத்தியானத்தை வைத்து அந்த மனுசனைக் கிண்டல் பண்ணுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

---

கேட்டி கார்த்திக்

ஓவர்டைமில் டாஸ் ஜெயித்ததும் ஹூஸ்டன்தான், இல்லையா? அன்றைய விதிப்படி முதலில் புள்ளி எடுப்பவர் வென்றார். அப்படியென்றால் பந்து நம் கையில், ஒரு ஃபீல்டு கோல் போதும்!

---

நீலச்சட்டை

ஆமாம் தம்பி. டாஸ் ஜெயித்ததும் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றோம். மூன்றாவது ஆட்டத்தில் நேட் ஓடோம்ஸ் பந்தைப் பறித்தார். அவரை மடக்கப்போன ஜெஃபயர்ஸ் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து இழுத்ததற்கு 15 யார்டு தண்டம் வேறு. நேராக நம் 20 யார்டு கோட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். டேவிஸ் இரண்டு தடவை ஓடினார், கிறிஸ்டி வந்து 32 யார்டு உதைத்தார். முடிந்தது.

சுதன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், மூன் அன்றைக்கு 371 யார்டு எறிந்தார், அவரைக் குறை சொல்ல வாயில்லை. என் வழக்கு அவர் மேல் இல்லை, அவருக்கு வேறு வழியே வைக்காத திட்டத்தின் மேல். முந்தைய வருடம் இதேதான். 1992 ஜனவரி 4, டென்வர். 21–6 என்று முன்னால் இருந்தோம். டென்வர் குவார்ட்டர்பேக் எல்வே தன் 2 யார்டு கோட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து 26–24 என்று முடித்துவிட்டார். 1987 முதல் 1993 வரை ஏழு வருடம் விடாமல் பிளேஆஃப் போனோம், ஒரு தடவைகூட இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. ஏழு வருடமும் தற்செயலா?

ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு நிர்வாகம் சீட்டுக் கிழித்தது யாருக்கு? தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜிம் எடிக்கு. அவர் இடத்துக்கு பட்டி ரையனைக் கொண்டுவந்தார்கள். அவருக்கும் இந்த ரன் அண்ட் ஷூட் துளியும் பிடிக்காது. கடைசியில் 1994 ஜனவரி 2 அன்று, டிவி கேமரா முன்னாலேயே, சொந்த அணியின் தாக்குதல் பயிற்சியாளர் கெவின் கில்பிரைடை நோக்கிக் கையை ஓங்கிக் குத்தினார். அந்த ஆட்டம் நாம் ஜெயித்த ஆட்டம்! பார்த்தபோது அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்தக் குத்தில் பாதி என்னுடையது.

---

ஏரிக்காற்று

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தச் சாதனை முறிந்துவிட்டது தெரியும்தானே? 2022 டிசம்பர் 17. பாதி ஆட்டத்தில் 33–0 என்று பின்தங்கிய மினசோட்டா வைக்கிங்ஸ் ஓவர்டைமில் 39–36 என்று வென்றது. தோற்றது இண்டியனாபோலிஸ் கோல்ட்ஸ். அந்த சீசன் தொடங்கும்போது கோல்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஃபிராங்க் ரைக்! நவம்பரில்தான் அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

---

கேட்டி கார்த்திக்

அன்றைக்கு கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் மாட் ரையன். 28–3 ஃபால்கன்ஸின் குவார்ட்டர்பேக்கும் அவர்தான். நான் மண் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், இது ஆளைத் தொடர்கிற சாபம்.

---

டோம்வாசி

எல்லோரும் பீபியை மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை. 1980 ஜனவரி 6, பிட்ஸ்பர்க், ஏஎஃப்சி (என்எஃப்எல்லின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டம். நம் குவார்ட்டர்பேக் டான் பாஸ்டொரினி எறிந்ததை மைக் ரென்ஃப்ரோ மூலையில் பிடித்தார். கால் உள்ளே. செல்லாது என்றார்கள். ரீப்ளே வேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்ததே அதற்குப் பிறகுதான். 13 வருடம் கழித்து பீபி, கால் வெளியே, செல்லும் என்றார்கள். ரென்ஃப்ரோவுக்குத் தனி இழை திறக்கப்போகிறேன். வருகிறீர்களா?

---

நீலச்சட்டை

திற, வருகிறேன். நம் ரன்னிங் பேக் ஏர்ல் கேம்பெலைப் பற்றியும் சேர்த்து எழுது. மட்டுறுத்துநருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

---

மட்டுறுத்துநர்

பார்த்துவிட்டேன். பிட்ஸ்பர்க் ரசிகர்கள் இரண்டு பேர் இங்கே உறுப்பினர்களாக இருக்கிறார்கள், கவனம்.